ஒரு கார்டு போதும்

நவம்பரில் தார்த்து நகரம்
மூன்றரை மணிக்கே கடையைக் கட்டிவிடும்.
இருட்டில், ஈரத்தில், ஆற்றுப் பாலம் தாண்டி
ஊர்மாஸின் கடைக்குள் நுழைந்தேன்.
என் மூக்குக் கண்ணாடி முழுக்க நீராவி.

பழைய போனைக் கொடுத்துவிடேன் என்றிருந்தான்
மரப் பட்டறையில் என்னோடு வேலை செய்யும் ரைவோ.
போன் வேண்டாம்.
அதற்குள் நான் இருக்கிறேன், அவள் அம்மா இருக்கிறாள்,
நேரங்கெட்ட நேரத்தில் மணி அடித்துக்கொண்டு.

ஐந்து வயதுக்கு, என்றேன்.
பெண்ணா என்று கேட்டு
ரோஸ் நிறத்தில் ஒன்றை எடுத்து வைத்தான்.
முயல் காது. எடுத்த படத்துக்குத் தானே மீசை வரையுமாம்.
வீவிக்கு மீசை வரையத் தெரியும்.
ஃபிரிட்ஜ் கதவைப் பார்த்தால் ஒப்புக்கொள்வீர்கள், என்றேன்.

அடுத்தது தண்ணீருக்குள்ளும் படம் பிடிக்கும்,
இரண்டாள் உயரத்திலிருந்து விழுந்தாலும் உயிர் போகாது.
விலையைப் பார்த்தேன்.
எனக்குத்தான் உயிர் திரும்பிவரக் கொஞ்சம் நேரம் பிடித்தது.

எத்தனை மெகாபிக்சல் என்று கேட்க
வழியெல்லாம் மனப்பாடம் செய்து வந்திருந்தேன்.
வாயில் வந்தது வேறு:
சார்ஜர் இல்லாமல் ஓடுமா?

ஏனென்று அவன் கேட்கவில்லை. நானே சொன்னேன்.
ஒரு வாரம் இங்கே, ஒரு வாரம் பார்னுவில்.
நடுவில் இரண்டரை மணி நேரப் பேருந்து.
இதுவரை அந்தச் சாலை தின்றது
இடது கையுறைகள் நான்கு,
துணிக்கரடியின் ஒரு கண்.
பல் துலக்கிக்குக் கணக்கில்லை.
எந்த ஒயரும் சரியான வீட்டில் இருந்ததேயில்லை.
அதற்காக நானும் கெர்த்துவும் பேசிக்கொண்ட பேச்சை
எந்த ஒயரும் தாங்காது.

ஊர்மாஸ் குனிந்து அடித்தட்டைத் துழாவினான்.
சாம்பல் நிறம், மூலை தேய்ந்தது,
வாங்கிக்கொள்ளப் போகிறவளைவிட வயதில் மூத்தது.
சுவர்க் கடிகாரத்தில் போடுகிற பேட்டரி, இரண்டு.
எந்தப் பெட்டிக்கடையிலும் கிடைக்கும்.
பார்னுவிலும்.
பொத்தானை அழுத்தினேன். டக்,
கொட்டை உடைவது போல.
நல்ல உருளைக்கிழங்கின் கனம்.
கையுறையோடு பிடிக்கலாம்.

கார்டு இரண்டாகப் போடவா, என்றான்.
நல்லெண்ணத்தில்தான்.
அங்கே ஒன்று, இங்கே ஒன்று.
கலக்காது பாருங்கள்.

கலக்காது.
அந்தச் சமையலறையில் ஞாயிறு காலை
மேசைமேல் எத்தனைக் கோப்பை என்று
நான் எண்ண வேண்டியிராது.
என் ஓட்டை சாக்ஸும்
டிவி முன்னால் நான் வாய் பிளந்து தூங்குவதும்
அங்கே போய்ச் சேராது.
இரண்டையும் உள்ளங்கையில் வைத்திருந்தேன்.
நகத்தளவுதான். ஊதினால் பறந்துவிடும்.
வெளியே ஒரு பேருந்து நின்றது, போயிற்று.

ஒன்றைத் திருப்பி நீட்டினேன்.
அவளுக்கு இருப்பது
ஒரு வாரத்துக்குப் பிறகு இன்னொரு வாரம்,
அவ்வளவுதான்.
அதை நான் ஏன் நறுக்க.

டிசம்பரில் கெர்த்து பையை இறக்கிக்கொண்டிருக்கையில்
வீவி வழக்கம்போல ஓடி வரவில்லை.
படிக்கட்டிலேயே நின்று
முதலில் என்னைப் பிடித்தாள். டக்.
பின்னால் வரிசையில் நின்றவர்கள் காத்திருந்தார்கள்.

இரவு என் மடியில் உட்கார்ந்து காட்டினாள்,
நூற்றுப் பதினேழு.
பனிமூட்டம். கட்டைவிரல்.
பனிமூட்டமா கட்டைவிரலா என்று தெரியாத ஒன்று.
பேருந்து இருக்கையின் முதுகு, பத்துத் தடவை.
ஒரு நாயின் மூக்குத் துவாரம்.
பெரிய கால் இரண்டு, சிவப்புக் கம்பளி சாக்ஸ்.
யாரென்று நான் கேட்குமுன்
"இது நல்ல சாக்ஸ், கதகதப்பா இருக்கும்"
என்று பொத்தானை அழுத்திவிட்டாள்.

அடுத்தது எங்கள் வீட்டு வாசல் கதவு,
கீழிருந்து எடுத்தது.
கைப்பிடி வானத்துக்குப் பக்கத்தில் இருந்தது.
அது அவ்வளவு உயரமென்று
எனக்குத் தெரியாது.